அமெரிக்க மரத்துக்கு அன்னவாசலில் சாட்சி

வட அமெரிக்க மரங்களின் புகைப்படங்களுக்குப் பெயர் குறிப்பது என் வேலை. புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தே செய்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஒரு படத்துக்கு ‘ஆஷ் அல்ல’ என்று எழுதினேன்; ஆஷ் என்பது ஆலிவ் குடும்பத்து மரம். ஒரே காம்பில் சிற்றிலைகள் எதிரெதிரே இருப்பதைக் காட்டி, மேற்பார்வையாளர் அதை ‘ஆஷ்’ என்று மாற்றினார். “ஆலிவ் குடும்பத்தில் ஒன்றைக்கூடப் பார்த்திராதவர் நீங்கள். திங்கட்கிழமைக்குள் தவறை ஒப்புக்கொண்டு எழுதுங்கள், இல்லையென்றால் மரப் பிரிவில் இடமில்லை” என்று செய்தி அனுப்பினார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. மல்லிகையும் அதே குடும்பம்தான். சரி, செடியிலேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை 6.20க்கு டவுன் பஸ். அன்னவாசல் பதினேழு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து மல்லிகைத் தோட்டத்துக்கு ஆட்டோ அறுபது ரூபாய்.

“பூ வாங்கவா போறீங்க?” என்றார் ஓட்டுநர்.

“இல்லண்ணே, எலை பாக்க.”

“எலை பாக்க அறுவது ரூவாயா!” என்று சிரித்தார். அதற்காக ஐந்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

தோட்டக்காரர் செல்விக்கு என் வயதுதான் இருக்கும். மொட்டுப் பறித்துக்கொண்டே என் வழக்கைக் கேட்டார். பிறகு செடியைப் பிரித்துக் காட்டினார்.

“கவாத்து பண்ணுன கொப்பப் பாருங்க. ஒவ்வொரு கணுவுலயும் ரெண்டு பக்கமும் சோடியாத் தளிரு விடும்.” வேலியோர வேம்பைக் காட்டினார். “இதுல சின்ன எலைதான் எதிரெதிரே. காம்பு கொப்புல இங்கிட்டு ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணு.”

கைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி நீட்டினேன்.

“இதுவும் வேம்பு மாதிரில்ல போவுது! மல்லிக்குச் சொந்தமே இல்லங்க இது.”

எனக்கும் அதே முடிவுதான். அநேகமாக அது கருப்பு வால்நட் மரம்.

போக நினைப்பவர்கள் எட்டு மணிக்குள் போங்கள், அப்போதுதான் தோட்டத்தில் ஆள் இருக்கும். கேட்காமல் கொப்பை ஒடிக்காதீர்கள். ஆஷைப் படத்தில் தேடினால் முதலில் கொப்பில் இலைக்காம்பின் அடியிலுள்ள மொட்டைத் தேடுங்கள். மொட்டு இருக்கும் இடத்தில்தான் முழு இலை தொடங்குகிறது; சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. முழு இலைகள் மாறி மாறி வந்தால் ஆஷை விட்டுவிடலாம். எதிரெதிரே வந்தாலும் அவசரம் வேண்டாம், மேப்பிளும் அப்படித்தான். துடுப்பு போன்ற ஒற்றைச் சிறகு விதை இருந்தால் ஆஷ்.

திங்கட்கிழமை எழுதி அனுப்பினேன், ஆனால் மன்னிப்பு இல்லை. வேப்பங்கொப்பும் மல்லிகைக் கொப்பும் அருகருகே ஒரு படம். செல்வி வைத்துவிட்ட ஒரு முழம் பூவோடு என் பின்னந்தலை இன்னொரு படம். கீழே ஒரு வரி: “ஆலிவ் குடும்பத்தை நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து தலையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.”

பதில் இன்னும் வரவில்லை. மரப் பிரிவு போனால் போகட்டும். அது ஆஷ் அல்ல.