சேவியர் எறிந்த பொதி

சேவியர் இறந்த செய்தி வந்தபோது சங்க வாசலில் நால்வர் இருந்தோம்: செயலாளர் பெனடிற், வலை பொத்தும் லூர்து, சேவியரின் மச்சாள் றோசலின், நான். “அத்தான் போயிட்டாராம்” என்று றோசலின் போனோடு வாசற்படியில் இருந்துவிட்டாள். அவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி சேவியருடைய மனைவி கேட்டாள். ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். ஆனால் எதையும் மறக்கிறவளல்ல.

மீனவர் சங்கக் கணினிக்கு லினக்ஸ் இயங்குதளம் போட்டுத் தந்தவர் அவர். காலையில் அதை எழுப்பி, காற்று அறிவித்தலை ஒலிபெருக்கியில் வாசிப்பது அப்போது என் வேலை. எங்கள் கரையில் உப்புக்காற்று கணினிப் பெட்டிகளைத் தின்றுவிடும். டிஸ்க்கைக் கழற்றி, யாராவது தந்த பழைய பெட்டியில் மாட்டுவோம். அதனால், கணினி எழும்பும்போது முதலில் திறக்கிற பொதிக்குள் எல்லா வகைப் பெட்டிகளுக்கும் வேண்டிய, பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்களைச் சேவியர் அடைத்து வைத்திருந்தார். எழும்பச் சுணங்கும். அதற்குள் மாதாவுக்குப் பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடிப்பேன்.

“இது கணினியோ, பிள்ளைத்தாச்சியோ?” என்று பெனடிற் நக்கலடிப்பார்.

“சுணங்கினாலும் எந்தப் பெட்டியிலயும் எழும்பும், அண்ணை” என்பார் சேவியர்.

மாவட்டத்திலிருந்து ஆட்கள் கணினியைப் பார்க்க வருகிறார்கள் என்றதும், சுணங்கினால் வெட்கமென்று சேவியர் மாறினார். அந்த ஒரு பெட்டிக்கு வேண்டியதை மட்டும் வைத்துப் பொதியைச் சுருக்கினார். ஒரு மந்திரம் முடியமுன் திரை வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

“தம்பி, பழைய பொதியை எறிஞ்சுபோட்டீரோ?” என்று கேட்டேன்.

“நான் எறிவனோ, ஆச்சி? உள்ளுக்குத்தான் கிடக்கு. தேவையெண்டால், எழும்பேக்க வாற பட்டியலில ரெண்டாவதை அமத்துங்கோ.”

மாரியில் அந்தப் பெட்டி செத்தது. சேவியர் மடு மாதா கோவிலுக்குப் போயிருந்தார். டிஸ்க்கை வேறு பெட்டியில் மாட்டினோம். சுருக்கிய பொதியில் இந்தப் பெட்டிக்கு வேண்டியது இல்லை; டிஸ்க்கைக் காணவில்லை என்று கறுப்புத் திரையில் எழுத்து வந்து நின்றது. பட்டியலைத் திறந்தேன். இரண்டாவது என்று ஒன்று இல்லை. அறிவித்தல் இல்லாமலே படகுகள் போய்விட்டன. காற்றில் கவிழ்ந்த படகைப் பிடித்தபடி மிதந்த என் மருமகனை மத்தியானம்தான் கரைசேர்த்தார்கள்.

பின்னேரக் கூட்டத்தில் பெனடிற், “கிழவி எதையோ அமத்திப்போட்டுது” என்றார். திரும்பி வந்திருந்த சேவியரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். சங்கக் கதவைத் திறக்கிற கந்தோர்த் திறப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்து சேவியர் என்னிடம் மெல்லச் சொன்னார்: “டிஸ்க்கில இடம் காணேல்ல, ஆச்சி. எறிஞ்சுபோட்டன். சொன்னால் பிறகு ஆர் என்னை வேலைக்குக் கூப்பிடுவினம்?”

மறுநாள் முழுப்பொதியோடு ஒரு பென் டிரைவ் தந்தார். அதை என் அலுமாரியில் வைத்திருக்கிறேன்; சங்கம் கேட்கும்போது கொடுத்தனுப்புவேன். மூன்று பெட்டிகளை அது எழுப்பிவிட்டது. கெட்டிக்காரர்தான், மறுக்கமாட்டேன்.

பெனடிற் விளங்காமல் பேசினார், அவரை மன்னித்துவிட்டேன். விளங்கியும் வாய் திறக்காத ஒருவரை மன்னிக்கமாட்டேன். சேவியரை.