மெரின் தேடிய பெயர்

“ஒரு பை மேல ‘மூலம் பார்க்கலாம்’னு எழுதியிருந்தா, உனக்கு என்ன புரியும்?” என்று ரொட்டிக் கடைக்கார லோசாவிடம் கேட்டாள் மெரின்.

“மாவைக் காட்டணுமா? ரொட்டி வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லு!”

மெரின் சிரித்தாள். அவள் யோசித்துவைத்திருந்த அந்தப் பெயர் அங்கேயே செத்தது.

கணினி நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் மென்பொருளை ஊருக்கெல்லாம் கொடுப்பதற்கென்று வைக்கும் பொதுப் பட்டியல் ஒன்றில் நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் உழைக்கிறோம். எடுப்பவர் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று சொல்பவை உரிமங்கள். அவற்றை வகைபிரித்துப் பெயர் வைப்பவள் மெரின். பகலில் வெலிங்டன் குடிநீர் அலுவலகத்தில் வேலை. “பேரைப் பார்த்துத்தான் எடுப்பாங்க. உள்ளே யாரு படிக்கிறா?” என்பாள்.

போன குளிர்காலத்தில் அவளுடைய நெடுநாள் நண்பன், தஹிதித் தீவுக்காரன் ஹெய்மானா, சின்னப் படகுகளுக்கு அலை எச்சரிக்கை தரும் மென்பொருளைக் கொண்டுவந்தான். உரிமம் அவனே எழுதியது: யாரும் எடுக்கலாம்; எந்த ராணுவமும் தொடக்கூடாது. நிரலை யாரும் பார்த்து எதற்கும் பயன்படுத்தலாம் என்ற ‘திறந்த மூலம்’ வகையில் சேர்க்கச் சொன்னான்.

“முடியாது ஹெய்மானா. திறந்ததுன்னா எல்லாருக்கும் திறந்தது.”

“எங்க கடல்ல அணுகுண்டு வெடிச்சுச் சோதிச்ச ராணுவத்துக்குமா? அந்தக் கதிர்வீச்சால வந்த கட்டியை அறுத்த எங்கம்மா கழுத்துத் தழும்பை நீயே பார்த்திருக்கே!”

“பார்த்தேன். உன் நிபந்தனை நியாயம். ஆனா அந்தப் பேரு அதுக்குப் பொய்.”

“பெரிய நீதிபதி இவ!” எங்கள் கூட்டத்தின் நடுவிலேயே எழுந்து போனவன் வெகுநாள் வரவே இல்லை.

எங்களில் பலர் அவன் பக்கம். “அவன் ஒருத்தனுக்கு விட்டுக்கொடேன்” என்றேன் நானும்.

“இன்னைக்கு நல்லவனுக்காக வளைச்சா, நாளைக்கு ஒரு கம்பெனி வரும். போட்டிக்காரன் தொடக்கூடாதுன்னு எழுதிட்டு இதே பேரைக் கேக்கும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அதுக்காக ‘மற்றவை’ங்கற குப்பைக்கூடையில அவனைத் தள்ளவும் மாட்டேன்.”

அதன்பின் அவனுடைய உரிமத்துக்குப் புதுப் பெயர் தேடி, லோசா முதல் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். தன் பல்லைப் பிடுங்கிய மருத்துவரைக்கூட விடவில்லை. கடைசியில் ஹெய்மானாவின் அம்மாவையே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“உங்க பையன் இதை எப்படிக் குடுக்கறான்னு சொல்வீங்க, அம்மா?”

“பூட்டியா வச்சிருக்கான்? பகிர்ந்துதானே குடுக்கறான். ஒரே ஒரு நிபந்தனை, அவ்வளவுதான்.”

மெரின் அந்தச் சொற்களை அப்படியே எழுதிக்கொண்டாள். ‘நிபந்தனையோடு பகிர்ந்தவை’ பட்டியலில் புது வகையாக ஏறியது. கொள்கையும் வளையவில்லை, அவனுடைய மானமும் போகவில்லை. சில நாளில் ஹெய்மானா தானே தன் மென்பொருளை அதில் சேர்த்திருந்தான்.

அடுத்த கூட்டத்துக்கு மழையில் நனைந்து வந்தவன், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். எல்லோரும் மெரினைப் பார்த்தோம். அவள் அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.