இருட்டறையில் பக்கத்துக் கட்டில்

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துப் போடும் வேலை எனக்கு. போன தை மாதம் முசரவாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் புடவை எடுக்க வந்தது. சர்ச்சில் கல்யாணம் என்பதால் சந்தன நிறத்தில் கேட்டார்கள். கீழே இருந்தவை பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. மாடிக்குப் போய் ஒரு கட்டு எடுத்து வந்து பிரித்துப் போட்டேன். பேச முடியாமல் மூச்சு வாங்கியது.

மாப்பிள்ளையின் அக்கா, நான் பேச ஆரம்பித்ததிலிருந்தே புடவையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீங்க பையன கொறமாசத்துல பெத்தீங்க இல்ல?"

அந்தக் குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. பல வருஷத்துக்கு முன், பையன் பிறக்கும் சமயத்தில் எனக்கு பிபி ஏறி, கால் வீங்கி, கண்ணெதிரே பூச்சி பறந்தது. வலிப்பு வந்துவிடக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் வெளிச்சம் குறைத்த அறையில் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே கோளாறோடு இவள். முகம் சரியாகத் தெரியாமலேயே இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டு கிடந்தோம். எனக்குப் பையன், அவளுக்குப் பெண். பையனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்த கவலையில் அவளிடம் போன் நம்பர்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

பில் போடும் நேரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டாள். இப்போதும் பிபி பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். அது பிரசவத்தோடு போய்விட்டதே என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். எங்க கம்பெனி செக்கப்ல பிபி இருக்குதுன்னாங்க. டாக்டரம்மா மொதல்ல கேட்டதே, கர்ப்பமா இருந்தப்போ பிபி வந்துச்சான்னுதான். அப்படி வந்தவங்களுக்குப் பின்னால ஹார்ட் பிரச்சனை வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தியாம். வருஷா வருஷம் பாத்துக்கணுமாம். ஒரு மாடி ஏறி எறங்கினதுக்கே நீ இப்படி இளைக்கிறியேம்மா."

உடம்பு போட்டதால்தான் மூச்சு இளைக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அடுத்த லீவு நாளில் அவளே ஸ்கூட்டியில் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். பிபி நிறையவே இருந்தது. ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்காகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் தன் மகள் படிப்பையும் தம்பி கல்யாணச் சமையலையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அது அந்தப் பழைய அறையில் கிடந்தது போலவே ஆறுதலாக இருந்தது.

இதயத்துக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். தினமும் ஒரு மாத்திரை, உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும். வீட்டில் சொன்னதும் தறியில் இருந்த என் கணவர் நெய்வதை நிறுத்திவிட்டார்.

"ஏன் இத்தினி நாள் நமக்கு ஒருத்தரும் சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். உப்புக் குறைந்த குழம்பைப் பையன் முதலில் திட்டினான், பிறகு பழகிக்கொண்டான்.

இப்போது காலையில் கைலாசநாதர் கோயில் பக்கம் நானும் கணவரும் நடக்கிறோம். நாள் முழுதும் தறிக் குழியில் கால் தொங்கவிட்டு உட்காருகிறவர், அவருக்குத்தான் முதலில் கால் வலிக்கிறது. புல்வெளியைக் கண்டால் உட்கார்ந்துவிடுகிறார். நான் இன்னொரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன். கடையில் மாடிக்கு இப்போதும் போய் வருகிறேன், முன்போல் இளைப்பு இல்லை. கர்ப்பமாக யாராவது புடவை எடுக்க வந்தால், கலர் காட்டிக்கொண்டே பிபி எப்படி இருக்குதும்மா என்று கேட்டுவிடுகிறேன். முதலாளி முறைப்பார். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள்.