ரயிலுக்கு எப்போது விடியும்

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்பு நான் இலங்கையில், அனுராதபுரத்தில், ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தேன். முதலாளி ஜெகதாப்பட்டினத்து ராவுத்தர். பாதி நாள் கொழும்பில்தான் இருப்பார், சரக்கு எடுக்க. கடையில் நானும் ஆலங்குடிக்காரர் ஒருவரும். எனக்கு மூத்தவர், அதனால் அண்ணன். ரெண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும். எனக்கு அதுவும் தெரியாது. மூட்டை தூக்கத் தெரியும், எடை போடத் தெரியும், பெருங்காயத்தில் கலப்படம் இருந்தால் மூக்கு சொல்லிவிடும். அதை வைத்தே பிழைத்துக்கொண்டேன்.

அந்த ஊர் வெயில் நம் ஊர் வெயில்தான். குளங்கள்தான் பெரிசு. போன புதிதில் ஒரு குளத்தைப் பார்த்துவிட்டு, கடல் இங்கேயும் வந்துவிட்டதா என்று கேட்டேன். அண்ணன் அதை வருகிற ஆளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சொல்ல வந்தது அதுவல்ல.

எனக்கு ஒரே அக்கா. அப்பாவும் ஆத்தாவும் போய்ச் சேர்ந்தாச்சு. அவளைக் கட்டிக் கொடுத்து வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்து, பிறகு ஒரு பெண் பிறந்தது. ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார், வருகிற வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் அந்தப் பிள்ளைக்குக் காது குத்தென்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். நான் போகாவிட்டால் வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடுவார்கள், காதுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிறந்த வீட்டில் ஆளில்லாதவள் என்ற பேச்சை அக்கா ஆயுசுக்கும் கேட்க வேண்டும். அவள் மாமியார் வீட்டார் வாய் அப்படி.

முதலாளி லீவு கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். அண்ணன் ஸ்டேஷனில் விசாரித்து வந்தார்.

"வியாழக்கிழமை மெயிலு. ஒன்றரை மணி. அதுல ஏறினா வெள்ளிக்கிழமைக்குள்ள ஊருக்குப் போயிரலாமாம்."

மெயில் வண்டி நடுச்சாமத்துக்கு மேல்தான் போகும், அது எங்களுக்குத் தெரியும். அதனால் வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதென்று பேசி முடித்தோம். ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர். நடுவில் இருக்கும் கடலை மறந்துவிட்ட கணக்கு அது. இலங்கைக்கு வந்தபோது, நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்க மண்டபம் காம்பில் நாள் கணக்காக வைத்திருந்துதான் கப்பல் ஏற்றினார்கள். வழி எவ்வளவு தூரம் என்பதே எனக்குப் பிடிபடாமல் போயிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் மனசு கேட்கவில்லை. நாமே ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். படிக்கத் தெரியாதவன் போய் என்னத்தைப் பார்ப்பது. ஆனாலும் போனேன். வண்டி நேரம் எழுதிய பலகை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் மூடியிருந்தது. கடைசியில், துரைமார் உட்காரும் அறை வாசலில், கம்பி வலைக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். எறும்பு ஊர்வது மாதிரி வரிசை வரிசையாக எண்கள். பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா, யாழ்ப்பாணம் போகிற வண்டிக்குக் காத்திருந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா போலத் தோன்றியது. வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி, மடியில் குடை.

"அம்மா, இதுல தலைமன்னாரு மெயிலு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குப் படிப்பு இல்ல."

எழுந்து வந்து குடை நுனியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தார்.

"எப்ப போகோணும் தம்பி?"

"நாளைக்கு வியாழக்கிழமைங்க. ராத்திரி ஒன்றரை மெயில்ல."

"வியாழக்கிழமை மெயில் எண்டால் அது இண்டைக்கு ராத்திரி எல்லோ."

"இன்னைக்குப் புதன்கிழமைங்கம்மா."

"பன்னிரண்டு அடிச்சால் வியாழக்கிழமை."

"பொழுது விடியாம எப்படிங்க வியாழக்கிழமை ஆகும்?"

அவர் சிரித்தார். "எங்கட அம்மாவும் இப்பிடித்தான் சொல்லுவா. ரயிலுக்கு நடுச்சாமத்திலையே விடிஞ்சுபோம், தம்பி. என்ன அவசரம் உங்களுக்கு?"

காது குத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி பலகைக்குத் திரும்பினார். குடை நுனி கீழே கீழே இறங்கியது. தலைமன்னார், கப்பல், தனுஷ்கோடி என்று வாயால் சொல்லிக்கொண்டே போனார்.

"நாளைக்கு ராத்திரி ஏறினால், வெள்ளிக்கிழமை விடியேக்கை நீங்கள் தலைமன்னாரிலை கப்பலைப் பாத்துக்கொண்டு நிப்பியள்."

இன்றைக்கு ராத்திரியே ஏற வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவருடைய வண்டி வந்துவிட்டது. ஏறிய பிறகும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "வீட்டை போய்ப் படுத்திடாதையுங்கோ. சாமானை எடுத்துக்கொண்டு இங்கையே வந்து இருங்கோ." வண்டி நகர்ந்து போகும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைக்கு ஓடினேன். அண்ணன் அரிசி அளந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டுப் படியைக் கீழே வைத்தார்.

"வெள்ளக்காரன் வண்டில ஏறணும்னா கெழமையையும் அவன்கிட்டதான் கேக்கணும் போலருக்கு. நாளைக்கு ஒனக்குன்னு கத்திரிக்காக் கொழம்பு வைக்க இருந்தேன்டா."

"நீங்களே வச்சுச் சாப்பிடுங்கண்ணே."

"முதலாளிக்கு நான் சொல்லிக்கிறேன். நீ மூட்டையக் கட்டு."

பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த பட்டுத் துண்டை அவரே மடித்து வைத்தார்.

அந்தம்மா சொன்னபடியே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன், ஏறினேன், கப்பலில் வாந்தி எடுத்தேன், தனுஷ்கோடியில் மணலை மிதித்தேன். புதுக்கோட்டையில் இறங்கி வண்டி பிடித்து, குடுமியான்மலைப் பக்கத்தில் இருந்த அக்கா ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வியாழக்கிழமை முடிகிற நேரம். அக்கா மாமியார் வாசலில் நின்றார்.

"வாங்க தம்பி. மாமன் வரமாட்டாகன்னு எங்க கொழுந்தன் மகன் மடிய ரெடி பண்ணி வச்சிருந்தோம்."

"அவர எந்திரிக்கச் சொல்லுங்கத்தே, மடி வலிக்கப் போகுது" என்றேன். அக்கா ஓடி வந்தாள். என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

மறுநாள் இருட்டோடு குலசாமி கோயிலுக்குப் போனோம். மொட்டை போட்டு, சந்தனம் தடவி, பட்டுத் துண்டில் சுற்றிப் பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டுக் கிழக்கே பார்த்தார். பொழுது வரட்டும், அப்போதுதான் வெள்ளிக்கிழமை என்றார். எல்லோரும் காத்திருந்தோம். எனக்கு வெள்ளிக்கிழமை நடுச்சாமத்திலேயே வந்துவிட்டது. அதை அக்கா காதில் சொல்லி, அந்தம்மாவைப் பற்றியும் சொன்னேன்.

"யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்றாள். "பிள்ளை தலையக் கெட்டியாப் பிடி."

பொழுது வந்தது. பிடித்துக்கொண்டேன்.