ரயில் இல்லாத ரயில்வே மாப்பிள்ளை

எழுபதுகளில் விருத்தாசலம் பக்கம் பெண் கொடுக்க ஒரே ஒரு தகுதி போதும். மாப்பிள்ளை ரயில்வேயில் இருக்க வேண்டும். ஜங்ஷனில் கொடி காட்டினாலும் சரி, தண்டவாளத்தில் சம்மட்டி அடித்தாலும் சரி. நான்தான் இஞ்சினீயரிங் படித்துவிட்டு, கல்கத்தாவில் பூமிக்கடியில் ரயில் விடும் வேலைக்குப் போய்த் தொலைந்தேன்.

லீவில் வந்தால் டீக்கடையில் விசாரணை நடக்கும்.

"ரயிலு எங்க ஓடுது தம்பி?"

"இன்னும் ஓடலைங்க. பள்ளம்தான் வெட்டிக்கிட்டு இருக்கோம்."

"மண்ணு வெட்ட நம்ம ஊர்லயே ஆளு இருக்குதே. அதுக்கா அவ்ளோ தூரம் போன?"

பீங்கான் பட்டறைகளுக்குக் களிமண் வெட்டுகிறவர்கள் எதிர் பெஞ்சிலிருந்து என்னை எடைபோடுவார்கள். அவர்கள் வெட்டும் மண் ஊறுகாய் ஜாடியாகவாவது ஆகும். நான் வெட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர்தான் தேங்கியது.

இந்த லட்சணத்தில் ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் பார்த்தார்கள். பதற்றத்தில் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். எல்லோரும் பதறினார்கள், அவள் மட்டும் சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அவள் அப்பாவுக்கோ என்னைவிட என் ரயில்வேயைப் பிடித்திருந்தது.

நிச்சயம் முடிந்ததும், முகூர்த்தப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு திருச்சிக்குக் கிளம்பினார். ஜங்ஷனில் டிக்கெட் எடுக்கவில்லை. ரயில்வே மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு டிக்கெட் எடுப்பது மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவாம்.

டிக்கெட் பரிசோதகர் வந்ததும் கம்பீரமாகச் சொல்லியிருக்கிறார். "நம்ம மாப்ள ரயில்வேங்க."

"எந்த ஸ்டேஷனுங்க?"

"கல்கத்தாவுல. பூமிக்கு அடியில."

பரிசோதகர் ரொம்பப் பணிவாக எல்லோரையும் அரியலூரில் இறக்கிவிட்டார். அதே பெட்டியில் ஊர்க்காரர்கள் வேறு இருந்து தொலைத்தார்கள். மறுநாளே அவள் அப்பா எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்: "ரயிலே இல்லாத ரயில்வேக்காரனுக்குப் பொண்ணு கிடையாது."

சேற்றுமண் சரியாமல் சுவர் நிறுத்தத் தெரிந்த இஞ்சினீயருக்கு, இந்தச் சரிவை நிறுத்த வழி தெரியவில்லை. அவள் இல்லாமல் கல்கத்தாவுக்குத் திரும்பவே பயமாக இருந்தது.

காப்பாற்றியது அவள்தான். அப்பாவிடம் நேராகவே கேட்டிருக்கிறாள்: "டிக்கெட்டு எடுக்காம ஏறுனது நீங்கப்பா. அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

அந்த ஒரு கேள்வியில் கல்யாணம் நடந்தது. ஆனால் மாமனார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எழுபதுகளின் கடைசியில் பேரனைப் பார்க்கக் கல்கத்தா வந்தார். அப்போதும் ரயில் ஓடவில்லை, எங்களுக்கு என்ன அவசரம்? மேலே மூடி முடித்த ஒரு துண்டுச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போனேன். தண்டவாளம்கூடக் கிடையாது. தலைக்கு மேலே டிராம் கடகடத்துப் போனது. அண்ணாந்து பார்த்தார். சுவரைத் தடவினார்.

"இது பூரா நீங்க கட்டுனதா மாப்ள?"

"நெறைய பேரு சேர்ந்து கட்டுனது மாமா. நானும் இருந்தேன்."

கொஞ்ச தூரம் நடந்தவர் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேட்டி மடியிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார். பிளாட்பாரம் டிக்கெட். ஊரிலிருந்து கிளம்பும்போது, ரயில் டிக்கெட்டோடு இதையும் தனியாக வாங்கியிருக்கிறார்.

"கீழ யாராச்சும் கேட்டா காட்டலாம்னு எடுத்தாந்தேன். என்னால மறுபடியும் உங்க பேரு கெட்டுடக் கூடாதுல்ல."

அதை வாங்கி, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"சரியா இருக்குதுங்க மாமா. நீங்க போலாம்."