பன்னிரண்டு கையெழுத்து

அந்தப் பேட்டையில் எல்லாருக்கும் அவள் டார்ச் அக்காதான். பட்டப்பகலில் கையில் டார்ச்சோடு வீடு வீடாக நுழைகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்! சுகாதாரத் துறையில் கொசுப்புழு பார்க்கும் வேலை. மாடித் தொட்டி, குளியலறை டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தட்டு என்று தண்ணீர் தேங்குகிற இடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சில வீடுகளில் வீட்டுக்காரரே மறந்துபோன வாளி அவளுக்கு ஞாபகமிருக்கும்.

"ஏம்மா, இந்த டிரம்முக்கு மூடி போடச் சொல்லி எத்தனை மாசமாச்சு? கொசுவுக்குக் குழந்தைகள் காப்பகம் நடத்துறியா?"

"நீங்க வேற அக்கா, என் பிள்ளைங்களைப் பாத்துக்கவே ஆளில்ல!"

இப்படிச் சிரித்துக்கொண்டே மாடி ஏறிவிடுவாள். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைத் திறந்து பார்த்து, மருந்துத்தூள் போட்டு, தேதி எழுதி அதில் கையெழுத்திட வேண்டும். படியேறச் சோம்பல்பட்டு வாசலிலேயே கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு நழுவுகிறவர்களும் உண்டு. இந்த வேலை செய்கிறவர்களுக்குள் அதற்குக் 'கதவுக் கையெழுத்து' என்று பெயர். பதினான்கு வருஷத்தில் அவள் அப்படி ஒன்றுகூடப் போட்டதில்லை. போடுகிறவர்கள் மாட்டினால் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள்.

அப்படிப்பட்டவள்தான் பன்னிரண்டு போட்டாள். அதுவும் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டில்.

அந்த வருஷம் கொசு மூலமாக ஒரு புதுக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் சூடு, உடம்பில் தடிப்பு, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துவிடுவார்கள். ஆனால் வேறு சில ஊர்களில் தலை சிறுத்த குழந்தைகள் பிறப்பதாகச் செய்தி வந்ததும் நாடே ஆடிப்போனது. காய்ச்சல் வந்த கர்ப்பிணிகளுக்குத்தான் இப்படி ஆகிறது, கிருமிமேல்தான் சந்தேகம் என்றார்கள் டாக்டர்கள். கிருமியெல்லாம் இல்லை, தொட்டியில் போடுகிறார்களே அந்த மருந்துதான் என்றது இன்னொரு கூட்டம். தொலைக்காட்சியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினார்கள்.

தங்கச்சிக்கு அப்போது மூன்றாம் மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. வீட்டுக்காரர் பஞ்சர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க தொட்டில மட்டும் போடாதக்கா."

"அடி போடி, பதினாலு வருஷமா நானே அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறேன். எனக்குத் தலை என்ன சுண்டைக்காயாவா இருக்கு?"

"உன் வயித்துல பிள்ளை இல்லையேக்கா."

மருந்தில் தவறில்லை என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனாலும் கடுகளவு சந்தேகம் அவளுக்குள்ளும் விழுந்திருந்தது. ஒருவேளை, ஒரே ஒருவேளை, அந்த நாலு பேரில் ஒருவன் கத்துவது நிஜமாக இருந்துவிட்டால்? போடவில்லை. போட்டதாகக் கையெழுத்து மட்டும் போட்டாள்.

முதல் இரண்டு தடவை தொட்டியையாவது எட்டிப் பார்த்தாள். அப்புறம் மாடிப்படிப் பக்கமே போகவில்லை. புழுவைக் கண்ணால் பார்த்துவிட்டால் மருந்து போடாமல் இறங்க முடியாதே! மருந்தில்லாமலும் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒரு வழி இருந்தது, வாரம் ஒருமுறை தண்ணீரை வடித்துவிட்டு உள்சுவரைத் தேய்ப்பது. அதை அவள் செய்திருக்கலாம். அந்த யோசனையே வரவில்லை. இன்றுவரை அவள் தன்னை மன்னிக்காதது இதற்காகத்தான்.

ஐந்தாம் மாதத்தில் தங்கச்சிக்கு இரண்டு நாள் காய்ச்சல், கையெல்லாம் தடிப்பு. மூன்றாம் நாள் எழுந்து சமைத்தாள். எல்லாரும் மறந்துபோனார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. தலை சிறுத்திருந்தது.

அதற்கு ஒன்றரை மாதம் கழித்து, மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பேட்டை மக்களிடம் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் கூட்டம் போட்டார்கள். பெஞ்சு போதாமல் ஜன்னல் விளிம்பிலெல்லாம் ஆட்கள். சுகாதாரத் துறை டாக்டரம்மா நிதானமாகப் பேசினார்: "இன்னும் ஆராய்ச்சி நடக்குது. கிருமிமேலதான் சந்தேகம் பலமா இருக்கு. நூத்துக்கு நூறுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா எதுக்கும்மா எங்க தண்ணில கொட்டுறீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கைதட்டல்.

அப்போதுதான் தங்கச்சி வீட்டுக்காரர் எழுந்தார். கையில் அந்த அட்டை.

"எங்க வீட்டு அட்டைங்க இது. என் வீட்டுக்காரிக்கு மூணாம் மாசத்துலேர்ந்து பிரசவம் வரைக்கும் பன்னெண்டு தடவை மருந்து போட்டிருக்காங்க. ஒருதடவைகூடத் தப்பல. போட்டது வேற யாரும் இல்ல, என் வீட்டுக்காரியோட கூடப்பிறந்த அக்காவேதான். அவங்களவிட ஒழுங்கா வேலை செய்றவங்க இந்தப் பேட்டையில உண்டா? சொல்லுங்க!" அட்டையைத் தூக்கிக் காட்டினார். "அப்புறம் என் பிள்ளைக்கு ஏங்க இப்படி?"

டாக்டரம்மாவுக்குப் பக்கத்திலிருந்த துறை சூப்பர்வைசர், ஓரமாக நின்றிருந்த டார்ச் அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்த வீட்ல மருந்து போட்டீங்களா?"

மருந்தே போடாத ஒரே தொட்டி அதுதான்! அதைச் சொல்ல அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் முடியும். ஒருத்தி இவள். இன்னொருத்தி முதல் வரிசையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் வேலை போகும். அது போனால் போகட்டும். ஆனால் 'மருந்தை வேண்டாம்னு தடுத்தவளே பெத்தவதான்' என்று ஊரே தங்கச்சியைக் கிழிக்குமே! காட்டிக்கொடுத்துவிடாதே என்றுதான் அந்தப் பார்வை கெஞ்சுகிறது என்று இவள் எடுத்துக்கொண்டாள்.

"கையெழுத்து என்னோடதுதான் சார்" என்றாள்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கேட்டவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மருந்தை நிறுத்தச் சொல்லிக் கைகள் உயர்ந்தன. பேட்டையில் மருந்து நின்றது. மறுநாள் பத்திரிகையில் அந்த அட்டையின் படம் வந்தது. பக்கத்துப் பேட்டைகளிலும் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

மூன்று வாரம் போனது. பிறகு அவள், நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா, இதை அன்னைக்கே சொல்லியிருந்தா? இப்ப சொன்னா, துறைதான் மிரட்டி எழுதி வாங்கிச்சுன்னு சொல்வாங்க."

சொன்னபடியேதான் ஆயிற்று. வேலையிலிருந்து அவளை நிறுத்தினார்கள். ஊரோ, அவளை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்றது. தங்கச்சி வீட்டுக்காரர் நேராக வந்து வாசலில் நின்றார். "அட்டையில இருக்கறது பொய்யா, இப்ப எழுதிக் கொடுத்தது பொய்யா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, நான் நம்பித் தொலைக்கிறேன்."

பின்னாலேயே குழந்தையோடு வந்திருந்த தங்கச்சிதான் பதில் சொன்னாள். "அட்டைதாங்க பொய். நான்தான் போட வேண்டாம்னு அக்காகிட்ட அழுதேன்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். 

"அன்னைக்குக் கூட்டத்துல என்னை ஏண்டி அப்படிப் பார்த்தே?" என்று அக்கா கேட்டாள். "சொல்லிடாதேன்னுதானே?"

"இல்லக்கா. எனக்கு நாக்கு எழும்பல. நீயாவது சொல்லிடுவேன்னுதான் பார்த்தேன்."

மழைக்காலம் வந்தது. காய்ச்சலும் மறுபடி வந்தது. பேட்டையில் அப்போது நாலு கர்ப்பிணிகள். சீருடை இல்லை, சம்பளம் இல்லை. ஒரு தேய்ப்பு பிரஷையும் வாளியையும் எடுத்துக்கொண்டு நாலு வீட்டுக்கும் டார்ச் அக்காவே போனாள். "மருந்து வேண்டாம்மா. தொட்டியை மட்டும் தேய்ச்சுக் கழுவி விட்டுட்டுப் போறேன்." மூன்று வீட்டில் விட்டார்கள். அவளும் வாரம் தவறாமல் ஏறி முட்டிக்கால் போட்டுத் தேய்க்கிறாள்.

நாலாவது வீட்டுப் பெண் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பேசினாள்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. சொந்தத் தங்கச்சி வீட்டுலயே பார்க்காம பார்த்ததா எழுதினவங்க நீங்க. நீங்க தேய்ச்சேன்னு சொன்னா நான் எதை வெச்சு நம்புறது?"

"நீ கேக்கறது நியாயம்தாம்மா" என்றாள் அவள். "அப்ப நீயே உங்க வீட்டுக்காரரை விட்டுத் தேய்க்கச் சொல்லு. மூலையில தேய்க்கச் சொல்லு, கொசு முட்டை அங்கதான் ஒட்டியிருக்கும்."

உள்ளே கேட்டதா என்று தெரியவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக, ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள்.