டைல்ஸ் மேல் ஒரு ரெய்டு

கல்வராயன் மலையில் பிறந்த செவ்வந்திக்குக் கபடிதான் பிழைப்பு. திருக்கோவிலூர், மணலூர்பேட்டை என்று எங்கே போட்டி நடந்தாலும் சம்பளம் பேசிக்கொண்டு போய் ஆடுவாள். அவளுடைய ஸ்பான்சர், கள்ளக்குறிச்சியில் டைல்ஸ் கடை நடத்தும் விஜயராகவன். மாதம் ஒரு டப்பா புரோட்டீன் பவுடர் கொடுத்துவிட்டு, ஊரையே வாழவைப்பவர் மாதிரி நடப்பார்.

பத்திரிகையில் படம் வந்தால் அவள் ஜெயித்தாளா என்று பார்க்க மாட்டார். பனியனில் கடைப் பெயர் தெரிகிறதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடுவார். ஒருமுறை நாலு பேர் அமுக்க, அவள் குப்புறக் கிடந்த படம் வந்துவிட்டது. உடனே போன்.

"இன்னாம்மா நீ, உழும்போது கொஞ்சம் மல்லாக்க உழக்கூடாதா? கட பேரே தெரியல!"

"செரிங்க சார்" என்றாள்.

ஸ்பான்சரைத் தக்கவைத்துக்கொள்வது எப்படி என்று வீரர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. கோட்டு போட்டு வந்த ஆள், "அவங்க வியாபாரத்த உங்க வியாபாரமா நெனைங்க. ஜனங்க இன்னா பேசிக்கிறாங்கன்னு மறைக்காம சொல்லுங்க" என்றார். செவ்வந்தி அதை அப்படியே நம்பினாள். ஆடப்போன ஊர்களில் விசாரித்து, "பாத்ரூம் டைல்ஸ் வழுக்குதுன்னு சொல்றாங்க சார்" என்று முதலாளியிடம் சொன்னாள். அந்த மாதம் பவுடர் வரவில்லை.

கடையின் ஆண்டு விழாவுக்குத்தான் மறுபடி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கடை நடுவே புது டைல்ஸைப் பதித்துத் தண்ணீரும் ஊற்றி வைத்திருந்தார்கள். கபடி பாடிப் போகிறவளைப் பிடிக்க நாலு பையன்கள். சுற்றிலும் கூட்டம்.

"இதுமேல ஒரு ரெய்டு போய்ட்டு வா. வழுக்காத டைல்ஸ்னு ஜனம் கண்ணால பாக்கட்டும்" என்றார் விஜயராகவன்.

போன வருஷம்தான் அவளுக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்திருந்தது. அடுத்த வாரம் சென்னையில் பெண்கள் லீக்குக்குத் தேர்வு. அதற்கு முந்தைய பயிற்சிக்குத் தங்கவும் சாப்பிடவும் இவர்தான் செலவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

"சார், முட்டி..."

"ஓடலன்னா மெட்ராஸ் செலவ நீயே பாத்துக்க" என்று காதோரம் சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடி மைக்கை நீட்டினார். எவ்வளவு திமிர், திண்ணக்கம்! சந்தையில் மாடு வாங்குபவன்கூட முதலில் மாட்டின் காலைப் பார்ப்பான்.

செவ்வந்தி மைக்கை வாங்கினாள்.

"எனக்கு அடுத்த வாரம் மெட்ராஸ்ல செலக்‌ஷனுங்க. முட்டி போச்சின்னா பொழப்பே போச்சி. இந்தத் தரையில நான் ஓட மாட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பில் போட நின்ற அம்மாள், "வூட்ல ஒரு வார்த்த கேட்டுக்கினு வரேன்" என்று நழுவினாள். விஜயராகவனின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்பான்சர் அதோடு சரி.

மறுநாள் காலை இன்னொரு போன். எதிர்க்கடை டைல்ஸ்காரர் கந்தசாமி.

"பின்னிட்டம்மா! மெட்ராஸ் செலவு பூரா என்னுது. நீ என் பொண்ணு மாதிரி. நம்ம கடைக்கு வந்து, 'இந்தத் தரையில ஓடுவேன்'னு சொல்லி ஒரு ஓட்டம் ஓடிக் காட்டிடு. தண்ணிய நான் ஊத்தி வெக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அப்ப மொதல்ல உங்க பொண்ண ஓட வுடுங்க சார். அதுக்கு ஒண்ணும் ஆவலன்னா நான் வரேன்."

செவ்வந்தி போனை வைத்துவிட்டு, கையிலிருந்த ஆட்டச் சம்பளத்தோடு சென்னை பஸ் ஏறினாள்.